லேயரைத் திறந்து காட்டு

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவில் ஒரு போட்டோ வந்து விழும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அதை அவரவர் கைவரிசைப்படி மாற்றித் திரும்பப் போடவேண்டும். பரிசு கிடையாது. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. இதற்காக ஏழெட்டுப் பேர் வாராவாரம் வீட்டாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். போன பதிவில் போகிறபோக்கில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். "அது என்ன விளையாட்டு, எங்களுக்கும் சொல்லுங்க" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு. காபியோடு உட்காருங்கள்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர் ஒருவர். எங்களுக்கெல்லாம் அவர் கார்டு ஐயா. கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருக்கும் அக்கா. திருச்சியில் விஸ்காம் படிக்கும் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நண்பர். சாத்தூரில் பிளக்ஸ் கடையில் டிசைனராக இருக்கும் தம்பி, கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் போடும் அண்ணன். இந்தக் கடைசி இரண்டு பேருக்கும் போட்டோஷாப்தான் சோறு போடுகிறது. ஆனால் வாரம் முழுக்க அடுத்தவர் சொன்ன கலரையே போட்டுப்போட்டு அலுத்தவர்கள், இங்கே விளையாடத்தான் வருகிறார்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். கலைக்கும் எனக்கும் உள்ள உறவு இந்த இரண்டு நாள் மட்டும்தான்.

விதிகள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. எல்லோருக்கும் மூலப்படம் ஒன்றே. வெளியிலிருந்து வேறு படம் எடுத்து ஒட்டினால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லவேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியம். முடிந்த படத்தை மட்டும் போட்டால் செல்லாது. வேலை செய்த ஃபைலையும் சேர்த்துப் போடவேண்டும். போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், டார்க்டேபிள் என்றால் எக்ஸ்எம்பி. லேயர்களை ஒன்றாக அமுக்கித் தட்டையாக்கக் கூடாது. எந்த இடத்தில் மாஸ்க் போட்டீர்கள், எதை எதன் மேல் வைத்தீர்கள், என்ன பிரஷ் எடுத்தீர்கள் என்பது முழுக்கத் தெரியவேண்டும்.

இந்த விதிக்கு முதலில் ஒத்துக்கொள்ளாதவன் சாத்தூர்த் தம்பிதான். "கடையில யாருக்கும் பிஎஸ்டி குடுக்க மாட்டோம்ணே. ஜேபெக்தான். பிஎஸ்டி போச்சுன்னா அடுத்த வருஷம் அதே பிளக்ஸை எதிர்க்கடையில பேரை மாத்தி அடிச்சிருவான்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆல்பம், பிளக்ஸ் தொழிலில் லேயர் ஃபைல்தான் மூலதனம். ஆனால் கடை வேறு, விளையாட்டு வேறு என்று பேசிப்பேசிக் கரைத்தோம். பிறகு ஒரு வாரம் அவனாகவே ஒரு ஃபைலைப் போட்டான். அலையலையாகப் பறக்கும் முடியோடு ஓர் உருவத்தை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் வைத்திருந்தான். ஒரு முடிகூடப் பிசிறவில்லை. திறந்து பார்த்தால் பென் டூலையே அவன் தொடவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்த்து, முடிக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் அதிகமாகத் தெரிந்த நீலச் சேனலை நகலெடுத்து, லெவல்ஸை இரண்டு பக்கமும் நெருக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, அதையே மாஸ்க்காக வைத்திருந்தான். கட்சிக் கூட்டத்துக்கும் காதுகுத்துக்கும் ராவோடு ராவாக ஆட்களை வெட்டி ஒட்டிய கை அது. எந்த யூடியூப் பாடத்திலும் எனக்குப் புரியாத சேனல் மாஸ்க், அந்த ஒரு ஃபைலில் பத்து நிமிடத்தில் புரிந்தது.

லேயர் ஃபைலைக் கை மாற்றி விளையாடுவது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. சிகாகோவில் கூடல் பார்ட்னர்ஸ் என்ற டிசைன் நிறுவனம் 2001இல் 'போட்டோஷாப் டென்னிஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தது. இரண்டு டிசைனர்கள். ஒருவர் ஒரு படம் செய்து லேயர்களோடு அனுப்புவார். மற்றவர் அதன் மேல் வேலை செய்து திருப்பி அடிப்பார். நடுவில் ஒருவர் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி எழுதிக்கொண்டிருப்பார். 2007இல் இதுவே 'லேயர் டென்னிஸ்' என்று பெயர் மாறி, அடோபி நிறுவனத்தின் ஆதரவோடு வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. ஒரு ஆட்டத்துக்குப் பத்து அடி, ஒவ்வொரு அடிக்கும் 15 நிமிடம். நாங்கள் வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டது அங்கிருந்துதான். 15 நிமிடக் கணக்கு மட்டும் நமக்கு ஒத்துவராது. கார்டு ஐயாவின் கம்ப்யூட்டர் திறப்பதற்கே பாதி நேரம் போய்விடும்.

இன்னொரு முன்னோடி 'ப்ளே ரா'. டார்க்டேபிள், ரா தெரப்பி, கிம்ப் போன்ற இலவச மென்பொருள்களைப் பயன்படுத்தும் போட்டோக்காரர்கள் பிக்சல்ஸ் டாட் யூஎஸ் என்ற இடத்தில் விளையாடுவது. ஒருவர் தன் கேமராவின் ரா ஃபைலை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைப்பார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் அதை எடுத்து எடிட் செய்து போடுவார்கள். படத்தோடு எக்ஸ்எம்பி ஃபைலையும் இணைப்பார்கள். எக்ஸ்எம்பி என்பது சில கிலோபைட் அளவுள்ள எழுத்து ஃபைல். அதில் படம் இருக்காது, என்னென்ன செய்தேன் என்ற பட்டியல்தான் இருக்கும். அதே ரா ஃபைலோடு அதை உங்கள் டார்க்டேபிளில் ஏற்றினால், அவர் செய்த ஒவ்வொரு வேலையும் இடப்பக்கம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் படம் அவர் கையில் எப்படி மாறிக்கொண்டே வந்தது என்று பார்க்கலாம். அடுத்தவர் வீட்டு ரசத்தை ருசி பார்ப்பதற்கும், அந்த வீட்டு அடுப்படியில் கூடவே நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சரி, ஒரு சுற்று எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இதுவரை நடந்ததில் அதிகமாகச் சண்டை போட்டதும், எனக்கு ரொம்பப் பிடித்ததும் தனுஷ்கோடிச் சுற்று.

படம் கும்பகோணத்து ஆல்பம் அண்ணன் போட்டது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்காக மாப்பிள்ளை பெண்ணோடு தனுஷ்கோடி போயிருக்கிறார். ஜோடி தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் இடிந்த தேவாலயத்துக்குள் நின்று, வளைவு வாசல் வழியாக வெளியே பார்த்து எடுத்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாசலுக்கு வெளியே வானம் தகதக. உள்ளே சுவர் கன்னங்கரேல். வாசலில் நாலைந்து சுற்றுலாப் பயணிகள், ஒரு நாய், ஒரு சிப்ஸ் பாக்கெட். பார்த்தவுடன் எவரும் அழித்துவிடக்கூடிய படம். ஆனால் ரா ஃபைல். அண்ணன் வானம் வெளிறிப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்திருந்தார். அங்கேதான் அவர் அனுபவம் பேசியது.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். 14 பிட் ரா என்றால் 16,384 படிகள். வெளிச்சத்தில் ஒருமுறை வெளிறிப்போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டில் கிடப்பது அப்படியில்லை. ரா ஃபைலில் கறுப்பாகத் தெரியும் இடத்திலும் தகவல் பதுங்கிக்கிடக்கும். ஏற்றிவிட்டால் மேலே வரும். கூடவே பச்சையும் ஊதாவுமாக நாய்ஸ் புள்ளிகளும் வரும். அது அதற்கான விலை.

வங்கி அக்கா அந்த விலையைக் கணக்காகக் கொடுத்தார். அவர் படத்தில் எதையும் ஒட்டவில்லை. எதையும் அழிக்கவும் இல்லை. நாய்கூட அப்படியே இருந்தது. ஆனால் சுவர் எழுந்து வந்திருந்தது. அந்தச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது. மூளை மடிப்பு மாதிரி, தேன்கூடு மாதிரி கல்லுக்குள் கல்லாக வரி ஓடும். கண்ணெதிரே கறுப்பாகக் கிடந்ததில் இவ்வளவு இருக்கிறது என்று படம் எடுத்த அண்ணனுக்கே தெரியவில்லை. எக்ஸ்எம்பியைத் திறந்து பார்த்தோம். மிகக் கொஞ்ச வேலைதான். டோன் ஈக்வலைசரில் இருட்டுப் பகுதியை மட்டும் தூக்கியிருக்கிறார். நாய்ஸைக் குறைத்திருக்கிறார். சுவரின் வலது ஓரத்தில் மட்டும் பக்கவாட்டு வெளிச்சம் படுகிற மாதிரி ஒரு மாஸ்க். வானத்தைத் தொடவே இல்லை. என்னுடையதில் லேயர் லேயராக அடுக்கி வைத்திருந்தேன். அக்காவின் ஃபைலைப் பார்த்த பிறகு பாதியை அணைத்துப் பார்த்தேன். படம் மேலாகத்தான் இருந்தது.

ஆல்பம் அண்ணன் தன் படத்தைத் தானே சுத்தம் செய்தார். ஆட்கள், நாய், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் காலி. வாசலை மறைத்து நின்ற ஒருவரை எடுத்துவிட்டு அங்கே சுவரை வளர்த்திருந்தார். அழகான வேலை என்று நாங்கள் பாராட்டிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி, "அண்ணா, அந்த முக்கோணக் கல்லு மூணு இடத்துல இருக்கு" என்று வட்டம் போட்டுக் காட்டினாள். குளோன் ஸ்டாம்ப் போட்டவர்களைக் காட்டிக்கொடுப்பது எப்போதும் இதுதான். ஒரே கல், ஒரே இலை, ஒரே மேகம் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் சிரித்துக்கொண்டே, "இருபது வருஷமா மண்டபச் சீரியல் செட்டை இப்படித்தான் வளர்த்துக்கிட்டு இருக்கேன், ஒரு கஸ்டமரும் கண்டுபிடிச்சதில்ல" என்றார்.

சாத்தூர்த் தம்பி தேவாலயத்தையே திரும்பக் கட்டிவிட்டான். கூரை, மணிக்கூண்டு, வாசலுக்குக் கதவு, உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம். பிளக்ஸ்காரனுக்கு எதுவும் பெரிதாக இருக்கவேண்டும். கூரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவன் ஊர்ப் பக்கத்துத் தேவாலயத்தில் தானே போனில் எடுத்தது என்றான். தனுஷ்கோடிக் கூரையை எங்களில் யாரும் பார்த்ததில்லை, அதனால் யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை. ஆனால் அவன் ஃபைலில் ஒரு நுணுக்கம் இருந்தது. கூரை போனில் எடுத்தது, சுவர் கேமராவில் எடுத்தது. கூரை வழுவழுவென்று இருக்கும், சுவர் மணல்மணலாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, படம் முழுக்க ஒரே அளவு நாய்ஸைத் தூவியிருந்தான். இரண்டும் ஒரே கேமராவில் பிறந்த மாதிரி ஆகிவிட்டது. ஒட்டுவேலையில் நிறத்தைப் பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். நாய்ஸைப் பொருத்துகிறவர்கள் குறைவு.

யாழ்ப்பாண நண்பர் போட்டது இன்னும் அமைதி. வாசலுக்கு வெளியே கடலில், தொடுவானத்தில் சின்னதாக ஒரு நீராவிக் கப்பல். புகை ஒரு கோடு. அவ்வளவுதான். "எங்கட அப்பப்பா இந்த வழியாலதான் மெட்ராசுக்கு வந்து போனவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 வரை இருந்த வழி. இர்வின், கோஷன் என்று கப்பல்களின் பெயரைக்கூடச் சொன்னார். எனக்குத் தனுஷ்கோடி என்றால் இடிபாடு. அவர் வீட்டில் அது ஏறி இறங்கும் இடம். ஒரே வாசல் வழியாக நாங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு கடலைப் பார்த்திருக்கிறோம்.

சண்டை வந்தது தங்கச்சியின் படத்தில். வாசலுக்கு வெளியே மணலில் ஒரு ரயில் வந்து நிற்கிறது. சுற்றிலும் மூட்டமாகப் பனி. படத்துக்குப் 'பேய் ரயில்' என்று பெயர் வைத்திருந்தாள். முதலில் கார்டு ஐயா எழுதினார்: "ஏம்மா, இது வாப்-7. அகலப்பாதை மின்சார எஞ்சின். மேலே கம்பியே இல்லாம எப்படி வந்துச்சு?" எல்லோரும் சிரித்தோம். அடுத்த செய்தி சிரிக்கும்படி இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், ஊர் வந்து சேரும் முன்பே புயலில் கடலோடு போனதையும், வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை என்பதையும் எழுதியிருந்தார். "அதுல போனவங்கள்ல எங்க ஆளுங்களும் உண்டு. அது பேய் வண்டி இல்லம்மா."

குழு கொஞ்ச நேரம் கப்சிப். படத்தை எடுத்துவிடுகிறேன் என்று தங்கச்சி சொன்னாள். ஐயா வேண்டாம் என்றார். எடுக்க வேண்டாம், சரியாகப் போடு என்றார். தன்னிடம் இருந்த மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினின் பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பினார். அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000தான், அதனால் வண்டி வாசல் வளைவுக்கு எதிரே இவ்வளவு பெரிதாகத் தெரியாது என்று அளவும் சொன்னார். பேயோட்டி, ரயிலை ஓட்டினோம் என்று ஆல்பம் அண்ணன் சொன்னது கடிதான். அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் விளையாட்டிலேயே நல்ல பகுதி. தங்கச்சியின் ஃபைல் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் திறந்திருந்தது. ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். முதல் பிரச்சினை வெளிச்சம். சூரியன் வண்டிக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் ஒட்டிய எஞ்சினின் முகத்தில் வெயில் அடிக்கிறது. எஞ்சினை ஏறக்குறைய நிழலுருவமாக இறக்கிவிட்டு, விளிம்பில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு இழுக்கச் சொன்னான் சாத்தூர்த் தம்பி. அப்படிச் செய்ததும் பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் இருந்த நிற வித்தியாசமும் பாதி மறைந்துவிட்டது. இரண்டாவது பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் அக்கா. எஞ்சின் படம் தாழ்வான இடத்திலிருந்து அண்ணாந்து எடுத்தது. தேவாலயப் படம் நின்றுகொண்டு நேராக எடுத்தது. இரண்டின் கண்மட்டமும் சேராமல் எஞ்சின் மணலில் சரிந்து நிற்பதுபோல் இருந்தது. தங்கச்சி பர்ஸ்பெக்டிவ் டூலில் கொஞ்சம் சாய்த்து, தொடுவானக் கோட்டுக்கு ஏற்ப வண்டியைக் கீழே இறக்கினாள். மூன்றாவது, சக்கரத்துக்கு அடியில் நிழலே இல்லை. நிழல் இல்லாத பொருள் எவ்வளவு நன்றாக வெட்டியிருந்தாலும் மிதக்கும்.

திங்கள்கிழமை காலை புதுப் படம் வந்தது. பனி மூட்டம் இல்லை. தூரத்தில், சின்னதாக, வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் ஒரு நீராவி எஞ்சின். பெயர் 'பாசஞ்சர்'. நேரம் முடிந்த பிறகு வந்த படம். யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

துயரமான ஒரு சம்பவத்தை விளையாட்டுக்கு எடுக்கலாமா என்று அந்த வாரம் முழுக்கப் பேசினோம். என் கருத்து: எடுக்கலாம், தெரிந்துகொண்டு எடுக்கவேண்டும். முதல் படம் உறுத்தியதற்குக் காரணம் ரயில் இல்லை. எந்த ரயில் என்று தெரியாமல், திகிலுக்காக ஒட்டியதுதான். எதற்கும் இருக்கட்டும், அந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த படம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சுவர்தான். இரண்டாவது அந்தக் கப்பல்.

இப்போது ஓட்டெடுப்பு ஏன் இல்லை என்ற கதை. ஆரம்பத்தில் இருந்தது. குழுவில் ஒரு போல் போட்டு, அதிக ஓட்டு வாங்கியவரே அடுத்த படம் தருவார் என்று வைத்திருந்தோம். என்ன ஆயிற்று என்றால், கண்ணைப் பறிப்பதே ஜெயித்தது. ஆரஞ்சு வானம், டீல் நிற நிழல், பறவைக்கூட்டம், நிலா. நிலா இருந்தால் ஓட்டு நிச்சயம். எல்லோரும் நிலா ஒட்ட ஆரம்பித்தார்கள். அக்கா மாதிரி அடக்கி வேலை செய்கிறவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். ஓட்டெடுப்பே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2002இல் தொடங்கிய வொர்த்1000 என்ற தளம் ஓட்டுப் போட்டியாலேயே பெரிதாக வளர்ந்து, 2013 வரை ஓடியது. அங்கே வந்த ஒட்டுவேலைகளைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான் நானும். ஆனால் அது பல்லாயிரம் பேர் கூடுகிற இடத்துக்குச் சரி. ஏழெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் ஓட்டு என்பது யாரோ ஒருவரை வாராவாரம் கடைசியில் நிறுத்துவது. இப்போது படம் கொடுத்தவர் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, ஏன் பிடித்தது என்றும் எழுதவேண்டும். அவர் குறிப்பிட்டவர் அடுத்த படம் தருவார். ஏன் என்று எழுதச் சொன்னதும் நிலா குறைந்துவிட்டது.

ஃபைலைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம் வியாழனில் இருக்கிறது. கிழமை இல்லை, கிரகம். 2011இல் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனை அடைந்த நாசாவின் ஜூனோ விண்கலத்தில் ஜூனோகேம் என்ற கேமரா உண்டு. அதன் ரா படங்களை நாசா பொதுவில் வைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து எடிட் செய்து திரும்ப ஏற்றலாம். வருவது சுலபமான படம் இல்லை. விண்கலம் சுற்றிக்கொண்டே இருப்பதால் படம் பட்டை பட்டையாக, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும். அதைப் பொருத்தி, வளைவைச் சரிசெய்து, நிறம் சேர்த்தால்தான் கிரகம் தெரியும். ஜெரால்ட் ஐஷ்டெட், கெவின் கில் போன்றவர்கள் இப்படிச் செய்த படங்களை நாசாவே அவர்கள் பெயரோடு வெளியிட்டிருக்கிறது. ஒரே தரவிலிருந்து ஒருவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய வெளிறிய வியாழனைத் தருவார், இன்னொருவர் நீலமும் காவியுமாகச் சுழலும் வியாழனைத் தருவார். எங்கள் குழுவில் ஒரு வாரம் இதை எடுத்துப் பார்த்தோம். பட்டைகளைப் பொருத்துவதிலேயே எங்களுக்கு ஞாயிறு முடிந்துவிட்டது. பொருத்திக் காட்டியவர் கார்டு ஐயா. பெட்டி கோக்கிற வேலைதானே என்றார்.

ஏஐ பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2023 மே மாதம் போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் சோதனை வடிவத்தில் வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்து, என்ன வேண்டும் என்று எழுதினால், மென்பொருளே வரைந்து தந்துவிடும். கொஞ்ச நாளில் எங்கள் குழுவிலும் ஒரு படம் வந்தது. அருமையான மழை மேகம், அடியில் நனைந்த தெரு, தெருவில் விளக்கொளி. ஃபைலைத் திறந்தால் ஒரே ஒரு லேயர், ஓர் ஆங்கில வரி. அந்த வரியை நாங்கள் போட்டுப் பார்த்தால் வேறு மழை, வேறு தெரு. போட்டவரிடம் கேட்டால், நாலைந்து வந்தது, இது நல்லா இருந்துச்சு என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை. எங்களுக்குக் கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை.

அதனால்தான் தடை போட்டோம். ஏஐ பாவம் என்றோ கலை செத்துவிட்டது என்றோ கொடி பிடிக்க எனக்கு ஆசை இல்லை. ஆபீஸில் நானும் பயன்படுத்துகிறேன். கோடு எங்கே போடுவது என்பதும் அத்தனை சுலபமில்லை. 2010லேயே போட்டோஷாப்பில் கன்டென்ட் அவேர் ஃபில் வந்துவிட்டது; சுவரில் ஒரு ஆணியை அழித்தால் சுற்றியுள்ள சுவரைப் பார்த்து அதுவே நிரப்பிவிடும். அதை நாங்கள் அனுமதிக்கிறோம். நாய்ஸ் குறைப்பதையும் அனுமதிக்கிறோம். படத்தில் இல்லாத ஒரு பொருளை மென்பொருள் உருவாக்கித் தந்தால் அதை ஏற்பதில்லை. நீ எடுத்த போட்டோவாக இருக்கட்டும், வரைந்ததாக இருக்கட்டும், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எப்படிச் செய்தாய் என்று காட்ட முடிகிறதா? அது போதும்.

இன்னொரு தடையும் உண்டு. அது அக்கா குழுவில் சேரும்போதே போட்ட நிபந்தனை. உயிரோடு இருக்கும் மனிதர்களின் முகத்தில் கை வைக்கக் கூடாது; சொந்த முகம் என்றால் சரி. நடிகைகள் படம், தெருவில் எடுத்த பெண்கள் படம், அரசியல்வாதி படம் எதுவும் வேண்டாம். மார்ஃபிங் செய்திகளைப் பேப்பரில் படிக்கிற யாருக்கும் காரணம் சொல்லவேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்றே. வீட்டுப் பழைய படத்தைச் சரிசெய்து தரச் சொல்லிக் குடும்பத்தாரே கேட்டால் செய்வோம். கறையான் அரித்த கல்யாணப் படம், குரூப் போட்டோவில் மட்டுமே இருக்கிற தாத்தா. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் இப்படிக் குரூப் போட்டோவிலிருந்து தாத்தாவைத் தனியே எடுத்து, இல்லாத கோட்டும் டையும் பிரஷ்ஷால் வரைந்து மாட்டித் தருவார்கள். நம் ஊர் வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் படங்களில் பல தாத்தாக்கள் கோட்டே போட்டதில்லை.

ஆரம்பிக்க என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காசு வேண்டாம். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்த கிம்ப் இன்றும் இலவசம்தான். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. எங்கள் மாதிரி ஃபைலைத் திறந்து காட்டுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ரா ஃபைலுக்கு டார்க்டேபிள். கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ முடியாது என்றால் போட்டோபீ. பிரவுசரிலேயே ஓடும், பிஎஸ்டியும் திறக்கும். ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். உங்களுக்குச் சரியாகத் தெரிவது மற்றவர்களுக்கு அமாவாசையாக இருக்கும்.

எங்கள் குழுவில் இப்போதைக்கு ஆள் சேர்ப்பதில்லை. பெரிதானால் மறுபடி ஓட்டெடுப்பு கேட்பார்கள். நீங்களே நாலு பேர் சேர்ந்து ஒன்று ஆரம்பியுங்கள். முதல் படம் நீங்கள் எடுத்ததாகவே இருக்கட்டும், சுமாரான படமாகவும் இருக்கட்டும். நல்ல படத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. படத்தை வாட்ஸப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாதீர்கள். அமுக்கிச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.